செயலாளர் ஆண்டறிக்கை 2025: சந்தை நிலவரமும் சைட்வாரிக் கணக்கும்

திருச்சியில் வீடு கட்டி விற்கும் நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் நகல் வாட்ஸ்அப்பில் போகும்.

ஆண்டின் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜை நடந்தது. பொறியாளர் தினத்தில் ரத்ததான முகாம் நடந்தது. வரைபட அனுமதித் தாமதம் பற்றி உரிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் சந்தை. ரிசர்வ் வங்கி 2025-ல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறை ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, குறைத்தது, 6.5 சதவீதத்தில் இருந்தது 5.25 ஆனது. 20 வருடத்துக்கு 50 லட்சம் கடன் வாங்குபவருக்கு வட்டி எட்டரையிலிருந்து ஏழரைக்கு இறங்கினால், மாதத் தவணையில் சுமார் 3,100 ரூபாய் மிச்சம். வாடகை வீட்டில் இருப்பவரை யோசிக்க வைக்கும் தொகைதான். ஆனால் நம்மில் பலர் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது பைனான்சியரிடம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கி. வருடத்துக்கு 24 சதவீதம். மும்பையில் ரெப்போ இறங்கினால் அது இங்கே இறங்குவதில்லை.

திருச்சியில் நிலமும் இறங்கவில்லை. 2025 மே மாதம் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து, அந்தப் பக்கம் சொல்லப்படும் விலையில் வாங்கி, கட்டி, விற்றால் கையில் என்ன நிற்கும் என்று போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஜே.வி., அதாவது நிலத்துக்காரரோடு கூட்டு, பேசினாலும் அவர்கள் பாதிக்கு மேல் பங்கு கேட்கிறார்கள்.

செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது நமக்கு நல்ல செய்தி. வீடு விற்பனைக்கு நாம் கட்டும் 5 சதவீத வரியில், பொருள் வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது என்பதால், சிமெண்டில் குறையும் வரி நேராக நம் அடக்க விலையில்தான் குறைய வேண்டும். வரியோடு 350 ரூபாய் இருந்த மூட்டையில் 27 ரூபாய் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதா என்று பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்படை விலையை ஏற்றிவிட்டு வரியைக் குறைத்த பில்கள் என் மேசைக்கே வந்திருக்கின்றன.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. ஒவ்வொரு சைட்டுக்கும் வரவு செலவைத் தனியாக எழுதும் சைட்வாரிக் கணக்குத் தாள் ஒன்றைத் தயாரித்து, சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு வைத்தோம். செயலாளர் தன்னை முன்னிறுத்திக்கொள்கிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். சரி, எழுதட்டும். ஆனால் நம் தொழிலில் ஆட்கள் விழுவது வீடு விற்காமல் அல்ல, ரொட்டேஷனால், அதாவது ஒரு சைட் பணத்தை இன்னொரு சைட்டுக்குச் சுழற்றுவதால். ஆறு வீட்டு பிளாட் ஒன்றில் பேஸ்மெண்ட், ஒவ்வொரு தளம் என்று வாங்குபவர் கட்டம் கட்டமாகத் தரும் ஸ்டேஜ் பணம் முன்னாடியே வந்துவிடுகிறது. அதை எடுத்து அடுத்த மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம். டைல்ஸ், லிப்ட், பெயிண்ட், இ.பி. இணைப்பு என்று செலவு வரிசையாக நிற்கும்போது, வாங்கியவர் தர வேண்டிய பாக்கி பத்து சதவீதம்கூட இருக்காது. மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போய்விடுவார். பைனான்சியரிடம் 40 லட்சம் கடன் நின்றால், ஆறு மாதத் தாமதத்துக்கு வட்டி மட்டும் 4 லட்சத்து 80 ஆயிரம். லாபம் என்று நினைத்ததில் பாதி அங்கேயே போய்விடும்.

ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்காகத்தான் வாங்குபவர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. பொறியாளர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால்தான், வேலை முடிந்த அளவுக்கு எடுக்க முடியும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டால், அல்லது வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டால் பதிவு வேண்டாம் என்பதால், நம்மில் பெரும்பாலோர் 'நமக்கு ரேரா இல்லை' என்கிறோம். நம் தாள் அதே வேலையைச் சட்டமில்லாமல் செய்வது. ஒரு சைட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு. இடது பக்கம் வர வேண்டிய ஸ்டேஜ் பணம், வலது பக்கம் மாதவாரிச் செலவு, கடைசி வரியில் முடிக்கத் தேவைப்படும் பாக்கி. அந்தப் பாக்கி கையில் இருந்தால்தான் அடுத்த மனைக்கு அட்வான்ஸ்.

வகுப்புக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. பஜ்ஜி மீந்தது. அதே மாதம் டீலர் கொடுத்த விருந்துக்கு மண்டபம் நிரம்பியதையும் நான்தான் பார்த்தேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவு எதிர்பார்த்ததற்குக் கீழே, செலவு வழக்கம்போல. பூஜைச் செலவில் ஒரு பகுதி இன்னும் தலைவர் அண்ணன் கைப்பணமாகவே நிற்கிறது. சந்தா பாக்கி பாதிப் பேருக்கு மேல். கேட்டால் 'அடுத்த ஸ்லாப் பணம் வந்ததும்' என்கிறார்கள். சங்கத்தையும் ரொட்டேஷனில் சேர்த்துவிட்டார்கள்.

வரும் ஆண்டில் ஆள் தட்டுப்பாட்டுக்குத் தயாராக இருங்கள். தீபாவளிக்கு ஊர் போன வடமாநிலத் தொழிலாளர்கள் பலர் சட் பூஜையும் பீகார் தேர்தலும் முடிந்த பிறகே திரும்பினார்கள். அடுத்து நம் சட்டமன்றத் தேர்தல். நடத்தை விதி வந்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு போகும்போது ஆவணம் வேண்டும். சனிக்கிழமைக் கூலிப் பணத்தோடு வங்கியில் எடுத்ததற்கான சீட்டையும் வண்டியில் வைத்திருங்கள்.

இடம் தந்த மண்டபத்தாருக்கும், தணிக்கை செய்துதரும் ஆடிட்டர் ஐயாவுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி. செயலாளர் பொறுப்பை ஏற்க இளைஞர்கள் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். தாளைத் தொடர்வேன் என்று மட்டும் சொல்லுங்கள். வகுப்புக்கு ஒரு புரொஜெக்டர் வாங்க எண்ணம் உண்டு. வாங்க முடியுமா என்பது சந்தாவைப் பொறுத்தது.

மதிய சாப்பாட்டு டோக்கன் பொருளாளர் மேசையில் கிடைக்கும். ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.