“சரியாயிடும்” என்று சொன்னேனே, அது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அன்றைக்கு போனில் நீ, “தண்ணியும் எண்ணெயும் தீரப்போற உலகத்துக்கு இன்னொரு பிள்ளை எதுக்குப்பா?” என்று கேட்டாய். நான் யோசிக்காமல், “அதெல்லாம் சரியாயிடும்மா” என்றேன். “சரிப்பா” என்று நீ வைத்துவிட்டாய். அந்த “சரிப்பா” நாலு நாளாக என்னை உறுத்துகிறது. நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உன் வாயை அடைத்திருக்கிறேன்.

எனக்கு அது பழகிப்போன பதில். 1973 கடைசியில் ஆரம்பித்து எண்ணெய் விலை சில மாதங்களில் நாலு மடங்கு ஏறியபோது நான் கல்லூரியில் இருந்தேன். 2000-ல் பெட்ரோலே இருக்காது என்று ஒரு வாத்தியார் அடித்துச் சொன்னார். 2000 வந்தது, பெட்ரோலும் இருந்தது. அதிலிருந்து யார் எது தீரப்போகிறது என்றாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும்.

என்னைப் போன்றவர்களுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1980-ல் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமனும் உயிரியலாளர் பால் எர்லிக்கும் பந்தயம் கட்டினார்கள். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன், மொத்தம் ஆயிரம் டாலருக்கு. பணவீக்கம் கழித்துப் பார்த்தால் பத்து வருடத்தில் விலை ஏறியிருக்கும் என்றார் எர்லிக், இறங்கியிருக்கும் என்றார் சைமன். 1990-ல் தோற்றுப்போன எர்லிக்கிடமிருந்து சைமனுக்குத் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே உலோக விலைக் கணக்கு எழுதிய தாள், விலை இறங்கிய வித்தியாசத் தொகை 576 டாலர் 7 சென்ட்டுக்கு ஒரு காசோலை. கடிதம் கிடையாது. இதை உனக்கே ரெண்டு தடவை சொல்லியிருப்பேன். சொல்லாமல் விட்டது ஒன்று: அதே பந்தயத்தை வேறு பல பத்தாண்டுகளில் கட்டியிருந்தால் எர்லிக் ஜெயித்திருப்பார் என்று பிற்பாடு கணக்குப் போட்டவர்கள் காட்டினார்கள்.

நான் சொல்லியிருக்க வேண்டியது காட் மீன் கதை. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் பல நூறு வருடமாகப் பிடித்துவந்த மீன். 1980-களில், கரையோரம் சின்னப் படகில் போகிறவர்கள் “மீன் குறையுது, வர்றதும் சிறுத்துப்போச்சு” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்களுக்கோ வலை நிரம்பியே வந்துகொண்டிருந்தது. எண்ணிக்கை குறையக் குறைய, மிஞ்சிய மீன்கள் ஒரே இடத்தில் நெருக்கமாகக் கூடின. ஒலியலையை வைத்துத் தேடும் கப்பலுக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்த வலைகளின் கணக்கும் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்ற மதிப்பீட்டுக்குள் போயிற்று. படகுக்காரர்கள் பேச்சு எடுபடவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். சுமார் முப்பதாயிரம் பேருக்கு வேலை போயிற்று. முதலில் ரெண்டு வருடத் தடை என்றார்கள். 2024-ல்தான் நீக்கினார்கள், அப்போதும் மீன் பழைய அளவுக்கு வந்திருக்கவில்லை.

இதில் யாரை நம்பிக்கைக்காரர் என்பாய், யாரை அவநம்பிக்கைக்காரர் என்பாய்? அந்தப் படகுக்காரர்களுக்கு அடுத்த வருடமும் கடலுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கத்தினார்கள்.

காதில் போட்டுக்கொண்ட சமயங்களும் உண்டு. அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் ஓட்டையாவது 1985-ல் தெரியவந்தது. அதை அரிக்கிற வாயுக்களைக் குறைக்க 1987-லேயே மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. 2066 வாக்கில் அந்த ஓட்டை ஆறும் என்று இப்போது எதிர்பார்க்கிறார்கள். நான் பார்க்கமாட்டேன், நீ பார்க்கலாம்.

ஆனால் எல்லாம் ஓசோன் மாதிரி இல்லை, இதையும் ஒத்துக்கொள்கிறேன். அங்கே அந்த வாயுக்களுக்குப் பதிலாக மாற்று வாயு கிடைத்தது. எண்ணெய்க்கும் மாற்று வந்துகொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான வருடம் முன்னால் இறங்கித் தேங்கிய நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்துவிட்டால், நம் பேரன் பேத்தி காலத்திலும் அது ஊறாது. ஆகவே உன் பயத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று இனி சொல்லமாட்டேன். எனக்குப் பிடிக்காதது, ராத்திரி ரெண்டு மணிக்கு நீ படிக்கிற அந்த “எல்லாம் போச்சு” சமாச்சாரம்தான். அதுவும் என்னுடைய “சரியாயிடும்”-மும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். எதை நம்பினாலும் காலையில் எழுந்து செய்ய ஒரு வேலையும் மிச்சம் இருக்காது.

பிள்ளை விஷயம் உங்கள் ரெண்டு பேர் முடிவு. அதில் நான் தலையிடமாட்டேன், தாத்தா ஆகும் ஆசை இருந்தாலும்.

நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. நான் வழக்கம்போல “இப்ப வந்துடும்” என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் மெழுகுவர்த்தி கொண்டுவந்து வைத்தாள். அது எந்த டிராயரில் இருக்கிறது, தீப்பெட்டி எங்கே இருக்கிறது, எல்லாம் அந்த இருட்டிலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசி ரெண்டு பக்கம் அந்த வெளிச்சத்தில் எழுதியதுதான், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா