ஒரு வெள்ளிக்காசும் ஒரு தாடையும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்புரை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நாளிதழை மீண்டும் நீங்களே படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. பழைய ஐரோப்பிய அரசர்களின் முகங்களில் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அதற்கு விடையாக ஒரு காசே இம்மாதம் என் கைக்கு வந்து சேர்ந்தது.

அது 1701-இல், இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள திரோல் பகுதியின் ஹால் நகரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்ட தாலர் என்னும் பெரிய வெள்ளிக்காசு. புனித ரோமானியப் பேரரசர் முதலாம் லியோபோல்டின் முகம் தாங்கியது. உறையிலிருந்து எடுத்தபோது காசு சற்றே வளைந்திருக்கக் கண்டு, யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று சோர்ந்துபோனேன். பிறகுதான் ஹாலின் தொழில்முறை நினைவுக்கு வந்தது. அந்நாளில் அங்கே சுத்தியலால் அடிக்கவில்லை. அச்சு செதுக்கிய இரண்டு உருளைகளுக்கிடையே வெள்ளித் தகட்டைச் செலுத்தி, பதிந்த காசுகளைப் பின்னர் வெட்டியெடுத்தார்கள். உருளையின் வளைவில் சிறிது காசிலும் தங்கிவிடும். குறை என்று நினைத்தது, பிறந்த இடத்தின் அடையாளமாக இருந்தது. பெரிய வெள்ளிக்காசு என்ற வழக்கமே 1486-இல், அருகிலுள்ள ஷ்வாட்ஸ் சுரங்கங்களின் வெள்ளியைக் கொண்டு, இதே ஹாலில்தான் தொடங்கியது.

இனி முகத்துக்கு வருகிறேன். லாரல் இலைமுடியும் சுருள் பொய்முடியும் கழுத்தில் தங்கக் கம்பளி விருதும் அணிந்த அந்த அறுபது வயது மனிதரின் கீழ்த்தாடை, உதடு பொருந்தாத அளவுக்கு முன்னால் நீண்டிருக்கிறது. ஆஸ்திரியாவையும் ஸ்பெயினையும் ஆண்டு, தலைமுறைகளாக நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடித்த ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் தாடை அது. அவரே 1666-இல் மணந்தது தம் சகோதரியின் மகளை. சேகரிப்பாளர்கள் இந்த முகத்துக்குப் பன்றிவாய் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. திருச்சபைப் பணிக்கென வளர்க்கப்பட்டு, அண்ணன் 1654-இல் அம்மை நோயால் இறந்ததால் அரியணையேறி, இசையும் இயற்றிய மனிதர் அவர். என்னை வியக்க வைப்பது அச்சு செதுக்கியவரின் கைதான். பேரரசர் என்பதற்காக அவர் ஒரு மயிரளவும் தாடையைக் குறைக்கவில்லை. அதே தாடை கொண்ட ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸ் வாரிசின்றி இறந்தது 1700-இல். அந்த அரியணைக்கான போர் மூண்டது இந்தக் காசு வெளிவந்த ஆண்டில்.

பிரான்ஸின் பதினான்காம் லூயி 1643-இல் நாலரை வயதில் அரசரானவர். அவர் காசுகளை ஆண்டு வரிசையில் வைத்தால் குழந்தை முகம் முதுமை முகமாவதை முழுமையாகக் காணலாம். அவற்றில் இரண்டு சிறு காசுகளே என்னிடம் உள்ளன. ஆனால் லியோபோல்டின் பேத்தி மரியா தெரேசா என் பெட்டியில் முன்பே இருக்கிறார். அவர் மறைந்த 1780-ஆம் ஆண்டைத் தாங்கிய அந்தத் தாலரை, அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் வேறு முகத்தை ஏற்க மறுத்ததால், அவர் காலத்துக்குப் பின்னும் அதே ஆண்டெண்ணுடன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். விதவையின் முக்காடிட்ட அந்த நிறைந்த முகத்தில் தாத்தாவின் தாடையைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

கண் முழுதும் ஆறியபின் ஒருநாள் காலையில் வாருங்கள். பக்கவாட்டில் ஒளி விழும் சாளரத்தருகே இருவரையும் வைத்துத் தருகிறேன். உங்கள் புதிய கண்ணுக்காவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்