சுவிட்சர்லாந்தின் பாசெலில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது, இங்கே பார்க்க என்னப்பா இருக்கு என்று அலுத்துக்கொண்டாயே, அதற்குப் பதில்தான் இது. போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நீ இருக்கும் ஊரில்தான் 1543-ல் வெசாலியஸ் என்ற மருத்துவரின் உடற்கூறு நூல் அச்சானது. அவருக்கு அப்போது 28 வயது. படங்களைச் செதுக்கிய மரக்கட்டைகளை வெனிஸிலிருந்து ஆல்ப்ஸ் மலை தாண்டி அனுப்பிவிட்டு, பின்னாலேயே தானும் வந்து ஒபோரினஸின் அச்சகத்தில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அதுவரை ஐரோப்பாவில் வைத்தியம் படித்தவர்களுக்குப் பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியதுதான் வேதம், அவரோ பெரும்பாலும் அறுத்துப் பார்த்தது குரங்கையும் பன்றியையும். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று எழுதிவைத்திருந்தார். பேராசிரியர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து அதை வாசிப்பார், கீழே வேறொருவர் உடலை அறுப்பார், கண்ணெதிரே ஒற்றை எலும்பு கிடந்தாலும் கேலன் தப்பு என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. வெசாலியஸ் கீழே இறங்கித் தானே கத்தியை எடுத்தார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மே மாதம் உங்கள் ஊரில் தலை வெட்டப்பட்ட யாக்கோப் கார்ரர் என்ற குற்றவாளியின் உடலை எல்லோர் முன்னாலும் அறுத்துக் காட்டி, எலும்புகளைக் கோத்து நிறுத்தினார் பார், அந்த எலும்புக்கூடு இன்னமும் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

அதே மே மாதம் 24-ம் தேதி கோப்பர்நிக்கஸ் காலமானார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற அவருடைய நூல் நியூரம்பர்க்கில் அச்சாகி, உயிர் போன அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது என்று அவருடைய நண்பர் கீசே எழுதியிருக்கிறார். அதிலும் ஒரு கூத்து. அச்சு வேலையைக் கவனித்த ஒசியாண்டர் என்ற பாதிரியார், இதெல்லாம் கணக்குப் போடும் வசதிக்குச் சொன்னது, உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிற மாதிரி ஒரு முன்னுரையைப் பெயர் போடாமல் சொருகிவிட்டார். எனக்கு அந்த ஆள் மேல் கோபம்தான், ஆனாலும் 1616 வரை திருச்சபை அந்த நூலில் கை வைக்காமல் இருந்ததற்கு அந்த முன்னுரையும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது.

அன்றைக்கு யாரும் இந்த இரண்டு புத்தகத்தைப் பற்றித் திண்ணையில் பேசியிருக்க மாட்டார்கள். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி ஆறாவது கல்யாணம் செய்துகொண்டார், பிரெஞ்சு ராஜா துருக்கிக் கப்பற்படையோடு கூட்டுச் சேர்ந்து நீஸ் நகரத்தை முற்றுகையிட்டார், ஊர் வாய்க்கு அது போதாதா? ஜப்பானில் தனெகாஷிமா தீவுக்குப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த துப்பாக்கியில் இரண்டை அந்தத் தீவின் தலைவர் விலைக்கு வாங்கி, உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்து இதே மாதிரி செய் என்றாராம். முப்பது வருஷம் கழித்து அங்கே போர் நடக்கிற விதமே மாறிவிட்டது.

அப்புறம் உன் அம்மா ஊர்ப் பக்கம். மணப்பாடு, தூத்துக்குடி கரையோரம் பிரான்சிஸ் சவேரியார் அந்த வருஷம் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்த ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் கேள், அவள் இன்னும் நன்றாகச் சொல்லுவாள்.

அந்த அருங்காட்சியகம் திறக்கிற நேரம் பார்த்துக்கொண்டு போ. போட்டோ எடுக்க விட்டால், எலும்புக்கூட்டின் தாடைப் பக்கம் கிட்டப்போய் ஒன்று எடுத்து அனுப்பு.

அப்பா