தேநீர்க் கடைக்காரர்கள் கட்டிய கணினி

அன்புள்ள மகளுக்கு,

கணினி போர் பெற்ற பிள்ளை என்று எழுதியிருந்தாய். பாதி சரி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கின் கொலோசஸ் கணினி ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க உதவியது. அமெரிக்காவின் எனியாக் கணினி பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிடக் கட்டப்பட்டது. ஆனால் காலமெல்லாம் பேரேடு எழுதிய எனக்கு, அது குமாஸ்தாக்களின் அறைக்குள் நுழைந்த கதைதான் பிடிக்கும். லண்டனில் நீ குடியிருக்கும் ஹாமர்ஸ்மித்தில், லயன்ஸ் நிறுவனத்தின் தலைமையகமான கேட்பி ஹாலில் நடந்தது அது.

இந்த லயன்ஸ் தேநீர்க் கடைகளும் பேக்கரியும் நடத்தியது. 1947இல் அதன் அதிகாரிகள் இருவர் அலுவலக முறைகளைப் பார்த்துவர அமெரிக்கா போனார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் ஒரு கணினி கட்டுகிறார் என்பதே அவர்களுக்கு அங்கேதான் தெரிந்தது! ஊர் திரும்பியதும் நிறுவனம் வில்க்ஸுக்கு 3,000 பவுண்டும் உதவிக்கு ஓர் ஆளும் கொடுத்தது. அவருடைய எட்சாக் 1949 மே 6 அன்று ஓடியது. அதன் வழியிலேயே லயன்ஸ் தனக்கென லியோ என்ற கணினியைக் கட்டிக்கொண்டது.

லியோவுக்குள் சுமார் 6,000 வால்வுகள், அதாவது பல்பு போன்ற மின்னணுக் குழாய்கள். நினைவகமோ பாதரசக் குழாய்கள். எண்கள் ஒலித் துடிப்புகளாகக் குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். அங்கே பிடித்து மறுபடி முதலிலிருந்து அனுப்புவார்கள். தொலைபேசி எண்ணை எழுதிக்கொள்ளும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்போமே, அப்படி. 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கை வாரந்தோறும் போட ஆரம்பித்தது.

எனக்கு இயந்திரத்தைவிட அதற்கு வேலை வகுத்த டேவிட் கேமினர்தான் பெரியவர். ஒவ்வொரு கடைக்கும் நிலையான ஆர்டர் ஒன்று பதிவாகியிருக்கும். தலைமை அலுவலகத்துப் பெண்கள் நாள்தோறும் கடைப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, மாற்றத்தை மட்டும் கேட்டு, லியோ படிப்பதற்கான அட்டையில் துளைகளாகப் பதிவார்கள். மாற்றமில்லாததை எழுதவே வேண்டாம். நாங்களோ மாறாத வரிகளையும் மாதாமாதம் படியெடுத்துக் கை ஓய்ந்தோம்.

சம்பளக் கணக்கில் ஓர் ஊழியருக்குக் குமாஸ்தா எட்டு நிமிடம் எடுத்தார். லியோ ஒன்றரை நொடி. அப்படியும் லயன்ஸ்காரர்கள் உடனே நம்பிவிடவில்லை. கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே 1954இல் அதனிடம் ஒப்படைத்தார்கள். உங்கள் அலுவலகச் சம்பளப் பட்டியல் புதிய மென்பொருளுக்கு மாறுகிறது என்றாயே, பழையதையும் சில மாதம் கூடவே ஓட்டுகிறீர்களா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா