மென்தோல் உறையும் கைத்துப்பாக்கியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருப்போர் அதனைப் பொது இடங்களில் உறையிலிட்டு, முழுவதும் மறைத்தே எடுத்துச் செல்ல வேண்டும் என 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. அந்த உறை எத்தகையது என்பதில்தான் நம்மில் பலர் கவனம் செலுத்துவதில்லை.

மேலூர் அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கும் நான், உடலோடு படிகிறது, சட்டைக்கு வெளியே துருத்தவில்லை என்பதற்காகவே மதுரையில் மென்தோல் உறை ஒன்றை வாங்கி நான்கு ஆண்டுகள் இடுப்பில் அணிந்து வந்தேன். வியர்வையில் ஊறி ஊறி அதன் வாய்ப்பகுதி துவண்டுவிட்டது. சென்ற மாதம் பிஸ்டலைத் திரும்பச் செருகும்போது ஏதோ தடுப்பதை உணர்ந்து நிறுத்திப் பார்த்தால், உள்மடிந்த தோலின் நுனி விசையைச் (டிரிகர்) சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் நுழைந்து விசையின்மேல் படிந்திருந்தது. இன்னும் சற்று அழுத்தியிருந்தால் குண்டு என் தொடையிலேயே பாய்ந்திருக்கும். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆகவே, துப்பாக்கியை உருவிய பின்னும் வாய் மூடிக்கொள்ளாதபடி உள்ளே தகடு வைத்துத் தைத்த, விசையை முழுவதும் மூடுகின்ற உறையையே, தத்தம் துப்பாக்கியின் அளவுக்குச் செய்யச் சொல்லி வாங்க வேண்டும். துவண்ட உறையைக் கழித்துவிடுவதே நல்லது.

மற்றொன்று: தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் துப்பாக்கியை உறையோடு ஒப்படைத்துவிடுகிறோம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வாரக்கணக்கில் அதற்குள் கிடக்கும் இரும்பு துருவேறுகிறது. எண்ணெய் பூசி, உறையைக் கழற்றிய பின்னரே ஒப்படைக்குமாறு உரிமதாரர்களுக்கு மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உரிமதாரர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.