ஹயாலியாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அம்மாவின் முழங்கால் வலிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா?

போனில் பேசும்போதெல்லாம் நீங்கள் தவறாமல் கேட்பது, "அந்த ஊரில் கோர்ட்டு எப்படிம்மா நடக்கிறது?" என்பதுதான். காலமெல்லாம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்! போனில் சொல்லி மாளாத ஒரு வழக்கு இந்த ஊரில் நடந்திருக்கிறது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஹயாலியா, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மயாமியை ஒட்டிய நகரம். பேங்க், மருந்துக்கடை, சலூன் எங்கே போனாலும் ஸ்பானிஷ்தான். இங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கியூபாவிலிருந்து வந்தவர்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய பிள்ளைகள். 1959-ல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்த பிறகு வரத் தொடங்கியவர்கள். 1965 முதல் 1973 வரை வரதேரோவிலிருந்து விமானம் விட்டு அழைத்து வந்தார்கள். 1980-ல் மரியேல் துறைமுகத்திலிருந்து மட்டும் சில மாதங்களில் ஏறக்குறைய 1,25,000 பேர் படகுகளில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

ஊர்க்கதை பேசும் இடம் 'வென்டனீட்டா'. ஓட்டல் சுவரில் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கொலாடா கேட்டால் தெர்மாகோல் கப்பில் கெட்டியான கறுப்புக் காப்பி வரும். மேலே சர்க்கரையோடு சேர்த்து அடித்த நுரை. கூடவே மருந்துக் குப்பியின் மூடி அளவில் நாலைந்து பிளாஸ்டிக் கப் தருவார்கள். வாங்கியவர் தனியாகக் குடிப்பதில்லை. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்கு ஊற்றி நீட்டுவார். அந்த ஜன்னலடியில் பக்கத்து வீட்டு செனோரா (ஸ்பானிஷில் அம்மா, அம்மணி என்பது போல) ஊற்றிக் கொடுத்த காப்பியோடுதான் ஃபால்கோன், மக்லுட்டா வழக்கு எனக்கு அறிமுகமானது. அப்புறம் நானும் தேடித் தேடிப் படித்தேன்.

வில்லி ஃபால்கோன், சால் மக்லுட்டா இருவரும் கியூபாவில் பிறந்து, சிறு வயதில் இங்கே வந்தவர்கள். மயாமி சீனியர் ஹைஸ்கூலில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். பிறகு கடலில் அதிவேகப் படகுப் பந்தயம் ஓட்டிப் பெயர் வாங்கினார்கள். ஊர் அவர்களை 'லோஸ் முச்சாச்சோஸ்' என்று கூப்பிட்டது, நம் பசங்க என்கிற உரிமையோடு. அந்தப் பசங்க 75 டன் கொக்கெயின் கடத்தி 200 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தார்கள் என்பது அரசு சுமத்திய குற்றச்சாட்டு. 1991 அக்டோபரில் கைது செய்தார்கள். விசாரணை தொடங்குவதற்குள் அவர்களுக்கு எதிராகப் பேசக்கூடிய மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் வக்கீல்.

அரசுத் தரப்பு சாட்சிகளில் பலர் ஒரு காலத்தில் கூடவே கடத்தியவர்கள், நம் பாஷையில் அப்ரூவர்கள். "தண்டனையைக் குறைத்துக்கொள்ள இவர்கள் எதையும் சொல்வார்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் பிரித்து மேய்ந்தார்கள். கடைசியில் 1996 பிப்ரவரி 16 அன்று ஜூரி சொன்னது: குற்றவாளிகள் அல்ல. சர்க்கார் வக்கீல்கள் ஆடிப்போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும் அப்பா. இங்கே மத்திய அரசு தொடுக்கும் கிரிமினல் வழக்கில் ஜூரி என்பது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த 12 பேர். தண்டனையோ விடுதலையோ, பன்னிரண்டு பேரும் ஒரே வாக்காகச் சொல்ல வேண்டும். ஒருவர் பிடிவாதமாக நின்றால் தீர்ப்பே இல்லாமல் போய்விடும். அதனால் ஒரு ஜூரரை விலைக்கு வாங்கினால் மட்டும் விடுதலை கிடைக்காது. வாங்கிய ஆள் மற்றவர்களையும் பேசி இழுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். இவர்கள் வாங்கியது ஜூரித் தலைவரையே! விமான நிலையத்தில் வேலை பார்த்த மனிதர். ஜூரியில் உட்கார அரசு அப்போது கொடுத்த படி நாளுக்கு 40 டாலர். அவர் கை மாறி வாங்கியது கிட்டத்தட்ட 5 லட்சம் டாலர். வாங்கிய பணம் சும்மா இருக்குமா? ஃபுளோரிடாவின் கீஸ் தீவுகளில் ஒரு வீடு வாங்கினார். சம்பளத்துக்கும் செலவுக்கும் சம்பந்தமே இல்லை என்று விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. அவருக்குப் பதினேழரை வருடம் சிறை.

நம் ஊரில் விடுதலைத் தீர்ப்பு வந்தால் சர்க்கார் அப்பீல் போகும். இங்கே போக முடியாது. ஒரு முறை விடுவித்தால் விடுவித்ததுதான், அதே குற்றத்துக்கு மறுபடி கூண்டில் ஏற்றக்கூடாது என்பது இவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் அந்தக் கடத்தல் வழக்கை அப்படியே விட்டுவிட்டு, ஜூரிக்கு லஞ்சம் கொடுத்தது, நீதியைத் தடுத்தது, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கியது என்று புது வழக்குப் போட்டார்கள். இதற்கு நடுவில் போலி பாஸ்போர்ட் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தபோது மக்லுட்டா தப்பி ஓடி, 1997-ல் தலையில் விக்கோடு பிடிபட்டார். 2002-ல் புது வழக்கில் வேறொரு ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஆனால் சாட்சிகளைக் கொல்லச் சொன்னார் என்பதை அந்த ஜூரி ஏற்கவில்லை. தண்டனை 205 வருடம், பிறகு 195 ஆகக் குறைந்தது. ஃபால்கோன் 2003-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 வருடம் வாங்கினார். 2017-ல் விடுதலையாகி, அடுத்த வருடம் டொமினிக்கன் குடியரசுக்கு நாடு கடத்தப்பட்டார்.

படகு, பணம், கொலை என்று இந்தக் கதையைச் சுவையாகச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. செனோரா சொன்ன வேறொரு கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

செனோராவுக்குச் சொந்த ஊர் சாந்தியாகோ தே கூபா. 1959 தொடக்கத்தில் அவர் பள்ளிக்கூடத்துப் பெண். புரட்சி முடிந்த கையோடு பழைய ஆட்சியின் ஆட்களை விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஹவானாவில் ஒரு ராணுவ அதிகாரியை விளையாட்டு அரங்கத்தில் நிறுத்தி, ஆயிரக்கணக்கான பேர் சுற்றி உட்கார்ந்து கூச்சல் போட, விசாரித்திருக்கிறார்கள். பிறகு சுட்டுக் கொன்றார்கள். சாந்தியாகோவில் நடந்தது விமானப்படைக்காரர்கள் மீதான வழக்கு. விமானிகள், மெக்கானிக்குகள் என்று 40-க்கும் மேற்பட்டவர்கள். விசாரித்த நீதிமன்றத்தின் தலைவர் ஃபெலிக்ஸ் பெஞ்ஞா புரட்சிப் படையிலேயே தளபதியாக இருந்தவர். ஆதாரம் போதாது என்று அத்தனை பேரையும் மார்ச் மாதம் விடுதலை செய்தார். காஸ்ட்ரோ டெலிவிஷனில் தோன்றி, அந்தத் தீர்ப்பு செல்லாது, மறுபடி விசாரிக்க வேண்டும் என்றார். மறுபடி விசாரித்தார்கள். அதே ஆட்களுக்கு 30 வருடம் வரை சிறை. பெஞ்ஞா சில வாரங்களில் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். தற்கொலை என்று சொன்னார்கள்.

"என் அப்பா அன்றைக்குத்தான் ஊரை விட்டுப் போக முடிவு செய்தார்" என்றார் செனோரா. "விடுதலை என்று சொன்ன பிறகும் ஒருவனைப் பிடித்து உள்ளே போடலாம் என்றால், அந்த ஊரில் எவனுக்கும் கதவில்லை என்றார்." முடிவு செய்தும் விமானத்தில் இடம் கிடைக்க வருடங்கள் ஆயின.

இப்போது யோசித்துப் பாருங்கள் அப்பா. விடுதலைத் தீர்ப்பை எந்தத் தலைவனாலும் மாற்ற முடியாத ஒரு தேசம் வேண்டும் என்றுதான் வீடு வாசலை விட்டுக் கடல் தாண்டி வந்தார்கள். அப்படிப்பட்ட தேசம் கிடைத்தது. அந்தப் பாதுகாப்பைத்தான் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே பணம் கொடுத்து வாங்கினார்கள். கொக்கெயினைவிட அதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. செனோரா அந்தப் பெயர்களைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், சொந்தக்காரர் தப்பு செய்த மாதிரி. மயாமி கியூபாக்காரர்கள் என்றாலே கடத்தல்காரர்கள் என்று கதை கட்டுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கொலை நடக்கும் என்று தெரிந்தும் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன ஆட்களும் இதே தெருக்களில் வாழ்ந்தவர்கள்தான். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உங்களுக்காகவே ஒருநாள் லீவு போட்டு மயாமி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனேன். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம், கேமரா மட்டும் கூடாது. ஜூரி தேர்வு நடந்துகொண்டிருந்தது. நீதிபதி ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்கிறார்: என்ன வேலை, வீட்டில் யாராவது போலீஸில் இருக்கிறார்களா, யாருக்காவது திருட்டோ அடிதடியோ நேர்ந்ததா, இந்த வழக்கில் யாரையாவது தெரியுமா. ஒரு பஸ் டிரைவர் எழுந்து, தன் அண்ணன் சிறையில் இருப்பதை எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆங்கிலம் தெரியாது. காதில் ஹெட்போன். ஒரு பெண்மணி சின்ன மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நீதிபதி பேசப் பேசக் கூடவே ஸ்பானிஷில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நீதிபதி மூச்சு வாங்கினால்தான் அவருக்கும் மூச்சு. நம் டவாலி மூன்று தரம் பெயர் கூப்பிடுவது நினைவுக்கு வந்தது. இங்கே டவாலி இல்லை, ஆனால் ஜூரி உள்ளே வரும்போது வக்கீல்கள் உட்பட எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று அவரை விடுவித்ததையும், பம்பாய் ஹைகோர்ட் அதைத் தள்ளி ஆயுள் தண்டனை கொடுத்ததையும் நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். "பேப்பரைப் படித்துத் தீர்ப்பு சொல்கிறவர்கள் நமக்கு எதற்கு, ஜூரி ஒழிந்ததே நல்லது" என்பீர்கள். ஃபால்கோன் வழக்கை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி என்றுதான் தோன்றும். ஆனால் அந்த பஸ் டிரைவரைப் பார்த்த பிறகு என்னால் அப்படி ஒப்புக்கொள்ள முடியவில்லை.

செனோராவுக்கு இப்போது ஜூரி சம்மன் வந்திருக்கிறது. 70 வயது தாண்டியவர் கேட்டால் விலக்குக் கொடுப்பார்கள். அவர் கேட்கவில்லை. என் நீலப் புடவை போல எதுவும் தன்னிடம் இல்லையே, எந்த உடுப்பு போட்டால் மரியாதையாக இருக்கும் என்று என்னைக் கேட்கிறார். எனக்கு இன்னும் குடியுரிமை இல்லாததால் ஜூரியில் உட்கார முடியாது, காரில் கொண்டுபோய் விடுவது மட்டும் என் வேலை.

நானாவதி வழக்கு நடந்த காலத்துக் கதைகளை உங்கள் சிரஸ்தார் சொன்னதாகச் சொல்வீர்களே, நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். செனோராவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், விடாமல் கேட்கிறார். தம்பியிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவான். அம்மாவை மாடிப்படி ஏற விடாதீர்கள். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி