அந்த வடக்கு எந்த வடக்கு?

பசுமைக் கட்டடச் சான்று வழங்கும் அமைப்புகளின் மதிப்பீட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்னையில் பகலொளிக் கணக்குப் போட்டுப் பிழைப்பவன் நான். நீங்கள் எங்களிடம் கேட்பது கடைசிப் பக்கத்தை மட்டும்தான்: பகல் நேரத்தில் பாதியாவது 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கிடைக்கும் தரைப்பரப்பு எத்தனை சதவீதம்? அந்த எண் பிறப்பதற்கு முன் கட்டடத்தின் கணினி மாதிரி ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்கிறது. வழியில் என்னென்ன தொலைந்தது என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பள்ளிக் கட்டடம் வந்தது. ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் வரைந்து ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பியிருந்தார்கள். ஆற்றல் கணக்குக்காக உருவான வடிவம் அது. அதில் சுவர் என்பது கனமில்லாத தாள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தாளானதும் ஜன்னலின் பக்க ஆழம் மறைந்தது, சட்டங்களும் கம்பிகளும் மறைந்தன. அறை ஓசியில் வெளிச்சமானது.

பிறகு வடக்கு. ரெவிட்டில் இரண்டு வடக்கு உண்டு: தாளில் நேராக வரைவதற்காக வைத்துக்கொள்ளும் வடக்கு, உண்மையான வடக்கு. ஜூன் 21 நண்பகலுக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழலைப் போட்டுப் பார்த்தேன். பக்கச் சுவருக்கு இணையாக, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் விழுந்தது. மனையோ சாலையை ஒட்டிச் சாய்ந்து கிடக்கிறது! நண்பகல் நிழல் உண்மையான வடக்கு-தெற்காகத்தான் விழும்; மாதிரியோ தாளின் வடக்கையே உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தது. பதின்மூன்று டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு அந்த நாளில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலுக்கு நேர்வெயில் வராது என்று குளிர்நாட்டுப் பாடநூலை நம்பி சன்ஷேடைச் சுருக்கியவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

கண்ணாடியில் பிழை எதிர்த்திசையில் ஓடுகிறது. விற்பவர் தாளில் 88 சதவீத ஒளி ஊடுருவும் என்றிருந்தால், ஒளியைக் கணக்கிடும் ரேடியன்ஸ் மென்பொருளுக்கு 0.96 என்று கொடுக்க வேண்டும். அது கண்ணாடிப் பரப்புகளில் எதிரொளித்துத் திரும்பும் ஒளியைத் தானே கழித்துக்கொள்ளும். அப்படியே 0.88 என்று எழுதினால் எண்பதை ஒட்டித்தான் உள்ளே வரும். வெள்ளைச் சுவரின் கதை தனி: படத்துக்காகத் தேர்ந்த தூய வெண்ணிறம் அப்படியே பெயர்ந்து, விழும் ஒளி முழுவதையும் திருப்பியனுப்பும் சுவராகிவிடுகிறது. அப்படியொரு சுண்ணாம்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆகவே முடிவோடு இன்னும் ஒரு பக்கம் கேளுங்கள். சுவர், கூரை, தரைக்குக் கொடுத்த எதிரொளிப்பு எண்கள், கண்ணாடிக்குக் கொடுத்த எண், பெயர்ந்து வந்த மாதிரியிலிருந்தே எடுத்த ஒரு ஜன்னல் வெட்டுத்தோற்றம், ஜூன் 21 நண்பகல் நிழல். ரேடியன்ஸ் கோப்புகளையும் வாங்கி வையுங்கள். 2002 முதல் திறந்த மூல மென்பொருள் அது, கோப்புகள் வெறும் எழுத்து. உங்கள் அலுவலகத்தில் யாரும் திறந்து படிக்கலாம்.

அந்தப் பள்ளிக்கு எல்லாவற்றையும் திருத்தி மறுபடி ஓட்டினேன். எண் உங்கள் வரம்புக்குக் கீழே இறங்கியது. வரைந்தவர்கள் முகம் சுளித்தாலும் ஜன்னல்களை மாற்றினார்கள். முதலில் வந்த எண்ணையே அனுப்பியிருந்தால், அதற்கும் நீங்கள் சான்று தந்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
பகலொளிக் கணக்கர் ஒருவர்